கரடியின் கண்கள் பார்த்த இடம்

ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் மச்சாளும் பாலைப்பழம் பறிக்கக் காட்டுக்குள் போனோம். மச்சாள் என் கணவரின் அக்கா. எங்கள் வளவிலேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், வீட்டுத்திட்டத்தில் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டில் தனியாக இருந்தார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தவர். அதன்பிறகு மாடு வளர்த்து, வயல் செய்து, ஒருவரையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தார். பாம்பைக் கண்டால் மற்றவர்கள் கத்துவார்கள், அவர் தடி எடுக்கப் போவார். யானை வேலியை முறித்த அன்று தீப்பந்தத்தோடு முதலில் ஓடியதும் அவர்தான். "செல்லடிக்குள்ளால வந்த எனக்கு உதுகள் என்ன?" என்பார்.

நான் வட்டக்கச்சியில் வயலுக்கு நடுவே வளர்ந்தவள். அங்கே காடு என்பது வயல்வெளி முடிகிற இடத்தில் தெரிகிற பச்சைக் கோடு, அவ்வளவுதான். கலியாணம் முடித்து, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் இந்தக் காட்டோரக் கிராமத்துக்கு வந்தபிறகும் நான் காட்டுக்குள் அதிகம் போனதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். காலையில் போவேன், மத்தியானம் வருவேன். காடு வேலிக்கு அந்தப் பக்கம் தன் பாட்டில் நின்றது.

அந்த வருடம் பாலை கொட்டிப் பழுத்திருந்தது. மச்சாள் ஒரு கையில் வாளியும் மற்றக் கையில் கொக்கத்தடியுமாக வந்து நின்றார்.

"வாவன் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குள்ள கிடந்து வெளிறிப் போனாய். ஒருக்கா வந்து மரத்தடியில நிண்டு தின்னு பாப்பம்."

குளக்கட்டில் நடந்து, மாட்டுத் தடத்தில் இறங்கி உள்ளே போனோம். சோளகக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே இரைச்சல். பக்கத்தில் நின்று கதைத்தாலும் கத்திக் கதைக்கவேண்டி இருந்தது. பிறகு யோசித்தபோது, எல்லாவற்றுக்கும் அந்தக் காற்றுத்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. நாங்கள் வருவது அதற்குக் கேட்கவில்லை. அது நிற்பது எங்களுக்கும் கேட்கவில்லை.

பெரிய பாலை மரம். நிழலுக்குள் போனதும் கண் இருண்டது. கீழே மஞ்சள் மஞ்சளாகப் பழம் சிதறிக் கிடந்தது. நான் மரத்தின் அடியில் குந்தி, நல்லதாகப் பார்த்து மச்சாளின் வாளிக்குள் பொறுக்கினேன். இரண்டு பழம் தின்றதிலேயே பால் பிடித்து உதடு ஒட்டியது. மச்சாள் சிரித்தார். கொஞ்சம் தள்ளிப் போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொப்பொன்றைத் தடியால் கொழுவி இழுத்தார். கொப்பு முறிந்து விழுந்த சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தம் வந்தது. யாரோ நெஞ்சுச் சளியை இழுத்துக் காறுவதைப்போல, ஆனால் மனிதரின் நெஞ்சுக்கு அடங்காத சத்தம்.

நான் நிமிர்ந்தபோது மச்சாள் நிலத்தில் கிடந்தார். அவருக்கு மேலே கறுப்பாக ஒன்று அசைந்தது. கரடி என்று மூளை சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் எழும்பிக் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. அடிமரத்தில் முதுகு முட்டும்வரை பின்னால் போய், கையில் இருந்த வாளியை எறிந்தேன். அது எங்கேயோ போய் விழுந்தது. அப்போது அந்த மிருகம் மச்சாளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பின்னங்காலில் எழுந்து நின்றது.

என் உயரம் இருக்கும். அதைவிடப் பெரிது என்று சொல்லமாட்டேன். மூஞ்சி மண் நிறம். நெஞ்சில் பழுத்த ஓலை நிறத்தில் ஒரு வளைவு. முன்னங்கால்கள் தொங்கின. நகங்கள் வெள்ளையாக, விரலைவிட நீளமாக இருந்தன. கீழுதடு தொங்கிக் கிடந்தது, அதில் எச்சில் நூலாக இழுபட்டது. கழுத்தைச் சுற்றி நின்ற மயிரில் காய்ந்த புல்லும் புழுதியும் ஒட்டியிருந்தன. இலைகளுக்குள்ளால் விழுந்த வெயில் ஒரு தோளில் மட்டும் பட்டு, அந்த இடம் கறுப்பாக இல்லாமல் செம்புபோல மின்னியது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. கண் தானாகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

பிறகு அது நாலு காலில் இறங்கி, பற்றைக்குள் பின்வாங்கி மறைந்தது. ஏன் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சாளின் இடது தோள் கிழிந்து தொங்கியது. தலையில் தோல் உரிந்திருந்தது. என் சால்வையால் இறுக்கிக் கட்டி, அவரைத் தாங்கிக்கொண்டு குளக்கட்டுவரை எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. குளத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஆட்டோ ஒன்றைப் பிடித்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மச்சாள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னால வருதே பிள்ளை? பின்னால பாரன், வருதே?"

தைத்து, ஊசி போட்டு, கன நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, கையும் காலப்போக்கில் மேலே எழும்பும் என்றார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவர் நான் அறிந்த மச்சாள் இல்லை. தன் வீட்டில் இருக்கமாட்டேன் என்றார். எங்கள் வீட்டின் நடு அறையில் படுக்கையைப் போட்டுக்கொடுத்தோம். பட்டப்பகலில் யன்னலைச் சாத்தச் சொன்னார். மாட்டுப் பட்டிக்குப் போகமாட்டார், பால் கறக்கும் வேலையை என் கணவர் எடுத்தார். கிணற்றடிக்குப் போவதென்றால் நான் கூடப் போகவேண்டும். குளிக்கும்போதும் காட்டுப் பக்கம் முகத்தை வைத்தபடியே தண்ணீரை அள்ளி ஊற்றுவார். அந்த விலங்கின் பெயரை அவர் சொல்வதில்லை. "அது" என்பார். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும்.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று இருந்தது. எத்தனையோ வருடமாக அதைத் தாண்டிப் போய்வந்தவள் நான். லீவு முடிந்து போன முதல் நாளே அதைக் கண்டு கையிலிருந்த புத்தகங்களைப் போட்டுவிட்டேன். தெருவில் கறுப்பு ஹெல்மெற்றோடு யாராவது திரும்பினால் வேலியோரம் ஒதுங்கி நின்றுவிடுவேன். கண்ணை மூடினால் அது எழுந்து நிற்கும். அதே வெயில், அதே தோள்.

பார்க்க வந்த சனமெல்லாம் கதை கேட்டது. நான் சொன்னதை அவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லும்போது கரடி வளர்ந்தது. கொஞ்ச நாளில் அது கூரையளவு உயரமானது. கண் நெருப்பாக எரிந்ததாம். என்னைத் துரத்தியதாம். கிழட்டுத் தனியன் கரடி, ஆளைத் தின்று பழகியது, இப்போது வேறு காட்டுக்குப் போய்விட்டது என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். அவர் அதைக் கண்டவர் இல்லை. அவர்களைத் திருத்தித் திருத்திக் களைத்துப்போனேன். அவர்கள் சொன்ன கரடி இரவில் என் கரடியோடு கலக்கத் தொடங்கியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பயப்படுவதென்றால் நான் கண்டதற்கே பயப்படவேண்டும் என்று நினைத்தேன்.

சீலிங் அடித்தபோது மிஞ்சிய ஹாட்போட் பலகை ஒன்று வீட்டில் கிடந்தது. அதற்கு வெள்ளை பூசிக் காயவைத்தேன். வவுனியாவில் நிறங்கள் வாங்கினேன். பின் விறாந்தையில், வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் பலகையைச் சாத்தி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பின்னேரங்களில் அந்தக் கரடியைப் படமாகக் கீறத் தொடங்கினேன்.

கணவர் ஒருநாள் வந்து பின்னால் நின்றார்.

"உமக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையே கீற? ஒரு மானைக் கீறலாம், மயிலைக் கீறலாம்."

"இதைக் கீறி முடிச்சாத்தான் என்ரை தலைக்குள்ளால போகும்."

"போகாட்டி?"

நான் தூரிகையைக் கழுவி அடுத்த நிறத்தைத் தொட்டேன்.

முதலில் கைபேசியில் கரடிப் படங்களைத் தேடிப் பார்த்தேன். மிருகக்காட்சிச் சாலைக் கரடிகள். கொழுத்து, சலித்து, கம்பிக்குப் பின்னால் இருந்தன. அவற்றின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கைபேசியை வைத்துவிட்டு என் ஞாபகத்தை மட்டும் வைத்துக் கீறினேன். நிலத்தைச் செய்தேன், வேர்களைச் செய்தேன், உதிர்ந்த பழங்களைச் செய்தேன். மயிருக்குக் கறுப்பை எடுத்துப் பூசியதும் பலகையில் ஓட்டை விழுந்ததைப்போல இருந்தது. கழுவிவிட்டு மண்ணிறமும் நீலமும் கலந்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு இழையாக இழுத்தேன். வெயில் பட்ட தோளுக்குச் சிவப்பு வைத்தேன். புழுதி வைத்தேன். புல்லின் காய்ந்த துரும்பை வைத்தேன்.

கீறக் கீறப் பயம் குறையும் என்று நம்பினேன். குறையவில்லை. நகங்களைச் செய்து முடித்த அன்று, தூரிகை கழுவ எழும்பியவள் பலகைக்கு முதுகைக் காட்டப் பயந்து பக்கவாட்டாக நடந்தேன். குசினியில் தேத்தண்ணீர் ஊற்றும்போது, விறாந்தையில் யாரோ நிற்கிறார்கள் என்ற உணர்வு விடவேயில்லை. நானே செய்த மயிர், நானே கலந்த நிறம், எல்லாம் தெரியும். தெரிந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மச்சாளுக்கு நான் படம் கீறுவது தெரியும், எதைக் கீறுகிறேன் என்று தெரியாது. அறையைவிட்டு வெளியே வராதவர் என்பதால் நாங்களும் சொல்லவில்லை. ஒருநாள் மருந்து குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டுக்கொண்டு அவரே எழும்பி வந்துவிட்டார். வாசலில் நின்று ஒரு பார்வைதான். கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. அவர் கத்தவில்லை. அப்படியே நிலத்தில் குந்தி, நல்ல கையால் தலையை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதும் அவர் அப்படி நடுங்கியதில்லை.

"மூடு பிள்ளை. உதை மூடு. என்ரை அம்மாளாச்சி, உதை மூடு."

படுக்கை விரிப்பை எடுத்துப் பலகையை மூடினேன். அதன்பிறகு நான் கீறும் நேரம் மட்டும் விரிப்பை எடுப்பேன். மற்ற நேரம் அது வெள்ளைத் துணிக்குள் நிற்கும். ஆனால் துணிக்குள் இருப்பதும் உதவவில்லை. மச்சாள் விறாந்தையால் போகாமல் முன்பக்கத்தால் வீட்டைச் சுற்றிக் குசினிக்குப் போனார். "துணி அசையுது" என்றார் ஒருநாள். காற்று என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இருந்ததாகச் சொல்லமுடியாது.

கண்களைக் கடைசிக்கு விட்டிருந்தேன். சின்னக் கண்கள், மூஞ்சிக்கு நெருக்கமாக. ஆடி பாதியும் கடந்து, பாலைப்பழம் முடிகிற நேரம். அன்றும் சனிக்கிழமை. முந்தின நாள் மாலை எங்கள் கன்றுத்தாய்ச்சி மாடு பட்டிக்கு வரவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் கணவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டச்சைக்கிளை எடுத்தார்.

"எந்தப் பக்கம் போறியள்?"

"குளக்கட்டாலை போய் உள்ளுக்கை பாத்திட்டு வாறன். கன்று போடுறதெண்டா உந்தப் பாலையடிக்குத்தான் போயிருக்கும். நல்ல நிழல்."

"அங்கை போகாதேங்கோ."

"அந்தக் கரடி எப்பவோ போயிட்டுது. ஒருத்தரும் பிறகு காணேல்லைத்தானே. மத்தியானத்துக்கு முன்னம் வந்திடுவன்."

ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது. தனியன் கரடி, போய்விட்டது. நானும் மேற்கொண்டு மறிக்கவில்லை. அவர் போனபிறகு விரிப்பை எடுத்துவிட்டுக் கண்களைத் தொடங்கினேன்.

அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அதனால் பார்ப்பவரை நேராகப் பார்க்கிறமாதிரி இரண்டு கண்களையும் வைத்தேன். பிழைத்துவிட்டது. அத்தனை நாள் உயிரோடு நின்ற மிருகம் கடைப் பொம்மையைப்போல ஆகிவிட்டது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் பொம்மை. சற்றுத் தள்ளிப்போய் நின்று மூஞ்சியைப் பார்த்தேன். அப்போதுதான் மூஞ்சியின் கீழ்ப்பக்கம், நாடி, கண்ணில் பட்டது. நான் நாடியை உயர்த்திக் கீறியிருந்தேன். மூக்குத் துவாரங்கள் இரண்டும் தெரிந்தன, நாடிக்குக் கீழிருந்த வெளிறிய மயிர் தெரிந்தது, நெஞ்சின் வளைவு மறைக்கப்படாமல் முழுதாகத் தெரிந்தது. கண்டதைக் கண்டபடி கை கீறியிருந்தது. என் உயரம் உள்ள ஒன்று என்னைப் பார்ப்பதென்றால் நாடியை ஏன் அப்படித் தூக்கவேண்டும்?

கருமணிகளைத் துடைத்து, கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தேன். உடனே அந்த முகம் உயிர்கொண்டது. நான் கண்ட அதே முகம். அது என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தது.

நான் அப்போது பாலை மரத்தின் அடியில், அடிமரத்தில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன். என் தலைக்கு மேலே மரம்தான் இருந்தது.

அதோடு அந்தச் சத்தமும் ஞாபகம் வந்தது. நான் கத்தி ஓய்ந்த நேரத்தில் மெல்லியதாக ஒரு சிணுங்கல் கேட்டது. மச்சாள் முனகுகிறார் என்று நினைத்தேன். மச்சாள் கிடந்தது எனக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி. சிணுங்கல் வந்தது மேலேயிருந்து.

தனியன் இல்லை. தாய். குட்டி என் தலைக்கு மேலே கொப்பில் இருந்திருக்கிறது. நாங்கள் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய் நின்று கொப்பை முறித்தோம். குட்டியோடு இருக்கிற தாய், பழம் முடியுமுன் அந்த மரத்தை விட்டு எங்கே போகும்?

தூரிகையைப் போட்டுவிட்டுக் கைபேசியில் கணவரை அழைத்தேன். காட்டுக்குள் தொடர்பு கிடைப்பதில்லை என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அழைத்தேன். பிறகு நடு அறைக்குள் ஓடினேன்.

"மச்சாள், அது தாய்க் கரடி. குட்டி மரத்தில நிண்டிருக்கு. இவர் இப்ப அந்தப் பாலையடிக்குத்தான் போயிருக்கிறார்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அது என்னைப் பாக்கேல்லை மச்சாள், மேல பாத்தது. இப்பதான் எனக்கு விளங்குது."

அவர் நான் சொன்னதை விளங்கிக்கொண்டாரோ தெரியாது. ஆனால் தம்பி எங்கே போயிருக்கிறான் என்பது விளங்கிவிட்டது. கட்டிலைவிட்டு எழும்பினார். முன்வீட்டு அண்ணை தெருவோரம் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் விசயத்தைச் சொல்லி முடிக்குமுன் அவர் இயந்திரத்தை ஸ்ராட் பண்ணிவிட்டார். பின்னால் கொழுவியிருந்த பெட்டியில் நான் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் மச்சாள் ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏற முயன்றார்.

"நீங்கள் நில்லுங்கோ மச்சாள்."

"தூக்கி விடு."

தூக்கிவிட்டேன். அவருடைய பற்கள் அடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. குளக்கட்டிலிருந்து இயந்திரம் காட்டுத் தடத்தில் இறங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

தடத்தில் கணவரின் மோட்டச்சைக்கிள் நின்றது. ஆள் இல்லை. அண்ணை வேகத்தைக் குறைத்தார். வளைவு திரும்பியதும் பாலை மரம் தெரிந்தது. அதற்கு அப்பால், ஒரு வீரை மரத்தோடு ஒட்டிக்கொண்டு என் கணவர் நின்றார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தாழ்வாக நீட்டி, உள்ளங்கையை நிலத்தைப் பார்க்க வைத்து, அசையாதீர்கள் என்று காட்டினார்.

எங்களுக்கும் அவருக்கும் நடுவில் அது நின்றது.

இந்த முறை நாலு காலில் நின்றது. மூக்கால் காற்றை இழுத்து இழுத்து விட்டது. இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலாலும் அந்த மூச்சு எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். சத்தம் எழுப்ப அண்ணையின் கை கோனுக்குப் போனது. மச்சாள் பெட்டியிலிருந்து எட்டி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கோன் அடியாதை! அடிச்சா அவன்ரை பக்கம்தான் பாயும். எஞ்சின் அப்பிடியே நிக்கட்டும். பொறு. குட்டி இறங்கட்டும்."

அண்ணை கையை எடுத்தார். இப்போது அது திரும்பினால், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, யாரும் ஒன்றும் செய்யமுடியாது என்று தெரிந்தது. என் கணவரின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு ஒன்றைக் காணவில்லை.

பாலை மரத்தில் கொப்பு அசைந்தது. கறுப்பாக ஒரு சின்ன உருண்டை, பின்பக்கத்தைக் கீழே வைத்து, பட்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது. பாதியில் நின்று சிணுங்கியது. நான் முன்பு கேட்ட அதே சத்தம். பிறகு வழுக்கிக் கீழே விழுந்து, எழும்பி ஓடி, தாயின் மயிரைப் பிடித்து முதுகில் ஏறிப் படுத்தது. தாய் ஒருமுறை இயந்திரத்தின் பக்கம் தலையைத் திருப்பியது. அப்படியே பற்றைக்குள் நடந்து போனது. ஓடவில்லை.

பற்றை அசைவது நின்றது. பிறகு கணவர் மரத்தைவிட்டு வந்தார். செருப்பில்லாத காலைத் தாங்கித் தாங்கி வைத்தார். அண்ணையும் நானும் இறங்கி ஓடிப் பிடித்துக்கொண்டோம்.

"மரத்துக்குக் கீழதான் போனனான்" என்றார். "தலையில பட்டைத் தூள் விழுந்துது. அண்ணாந்து பாத்தா மேலயிருந்து ரெண்டு கண். பின்பக்கமா நடந்தன். அதுக்குள்ள இது வந்திட்டுது."

நான் எதையோ கண்டுபிடித்து ஓடிவந்தேன். அவரை அண்ணாந்து பார்க்கவைத்தது தலையில் விழுந்த பட்டைத் தூள். நான் வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே மரத்தைவிட்டு விலகியிருந்தார். நாங்கள் வந்திருக்காவிட்டாலும் அது குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்குமோ, இயந்திரத்தின் சத்தம்தான் போகவைத்ததோ, தெரியாது. மச்சாள் அண்ணையின் கையைப் பிடித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கிணற்றடியில் இறங்கி வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். முகம் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, முன்பக்கத்தால் சுற்றாமல் நேரே விறாந்தைக்கு ஏறினார். அவசரத்தில் நான் விரிப்பைப் போட மறந்திருந்தேன். படம் திறந்தபடி நின்றது, கண்ணில் நிறம் இன்னும் காயவில்லை.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். முதலில் கால்களை, பிறகு நகங்களை, கடைசியாக முகத்தை.

"இதுதான்" என்றார். "அண்டைக்கு நான் இதின்ரை முகத்தைக் காணேல்லை. பின்னால வந்து விழுத்தினது. மணம்தான் தெரியும். இண்டைக்குத்தான் முகத்தைக் கண்டனான்."

"தாய் மச்சாள். குட்டிக்குப் பயந்துதான்..."

"தாயெண்டா தாயாய் இருக்கட்டும்." தோளைத் தடவிக்கொண்டார். "அதுக்காக நான் உதை மன்னிக்கேல்லை."

காயம் அவருடையது.

மாடு அடுத்த நாள் தானாகவே கன்றோடு வந்தது. குளத்தின் மற்றப் பக்கத்தில் கன்று போட்டிருக்கிறது. பாலையடிப் பக்கம் அது போகவேயில்லை. அந்தப் பருவம் முடியும்வரை ஊரில் ஒருவரும் அங்கே போகவில்லை. கணவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார், குட்டியோடு நிற்கிறது என்று. கூரையளவு கரடியை நம்பிய சனம் இதையும் நம்பியது.

சில மாதம் கழித்து, கடற்கரைப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிற ஒருவர் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். வெகுநேரம் பார்த்தார். தன் விடுதியின் முன்மண்டபத்தில் மாட்டத் தரமுடியுமா என்று கேட்டார். கணவருக்குக் கொடுத்துவிட விருப்பம். அந்தப் படத்தோடு ஒரு வீட்டில் இருப்பது அவருக்கும் இலகுவாக இருக்கவில்லை, இப்போதும் இல்லை. நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மச்சாள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"குடுக்காதேங்கோ" என்றார். "இஞ்சையே இருக்கட்டும்."

"அக்கா, நீங்கள்தானே மூடச் சொன்னனீங்கள்?" என்றார் கணவர்.

"ஓம். இப்ப சொல்லுறன், இருக்கட்டும். எங்க நிக்குதெண்டு தெரிஞ்சாத்தான் எனக்கு நித்திரை வரும்."

வந்தவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அந்த மாதமே மச்சாள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார். பட்டிக்கும் போகத் தொடங்கினார், ஒரு கையால்தான் கறக்கிறார். படம் விறாந்தைச் சுவரில் மாட்டியிருக்கிறது, விரிப்பு இல்லாமல். விடிகிற நேரம் கறந்த பாலைக் கொண்டு குசினிக்கு வரும்போது அவர் அதைக் கடந்துதான் வரவேண்டும். அந்த இடத்தில் நடையை மெதுவாக்கி, படத்தைப் பார்த்தபடி, எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு வருவார். செம்பில் பால் தளும்பும் சத்தம் எனக்கு உள்ளே கேட்கும்.